துப்பாக்கிக்குக் கறுப்புக் கட்டை போட்ட கதை

எங்கள் கம்பெனி கேட்டில் மொத்தம் பன்னிரண்டு செக்யூரிட்டிகள். பதினோரு பேரிடம் விசில் இருந்தது, ஒருவரிடம் துப்பாக்கி இருந்தது. விசில்காரர்களில் நான்தான் சீனியர், அதாவது அதிக வருஷம் ஊதியவன். சொந்த ஊர் பென்னலூர். எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. கேட் ரிஜிஸ்டரில் லாரி நம்பரும் டிரைவர் பேரும் எழுதி எழுதிக் கை பழகியதுதான். இதில் நடுவே எங்காவது 'உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்' என்று வந்துவிட்டால் அது பழக்கதோஷம்.

ஒரகடத்தில் கார்களுக்குச் சைலன்சர் சாமான் செய்கிற கம்பெனி எங்களுடையது. புகையைச் சுத்தம் பண்ண உள்ளே ஒரு பொடி பூசுவார்கள். பார்த்தால் அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கும். தங்கத்தைவிட விலை அதிகம் என்பார்கள். நான் ஒருநாள் அந்த டிரம் பக்கத்தில் தும்மிவிட்டு, ஒரு வாரம் கைக்குட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். அந்தப் பொடி வேனில் வந்து இறங்குவதால்தான் துப்பாக்கிக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது.

அவரைக் கம்பெனியே 'கன்மேன்' என்றுதான் கூப்பிடும். சிவகங்கைப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்து வந்து, ஒரு மலை எஸ்டேட்டில் காவலுக்கு இருந்தவர். எஸ்டேட் முதலாளி காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த வெளிநாட்டுத் துப்பாக்கியைக் கடைசிக் காலத்தில் இவர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வழவழவென்று தேக்கு நிறத்தில் மரக்கட்டை போட்ட துப்பாக்கி. லைசென்சில் 'வேட்டைத் துப்பாக்கி' என்று ஒரு கிளார்க் எழுதினார். அதற்குப் பிறகு வந்த கிளார்க்குகள் எல்லோரும் அதையே பார்த்து எழுதினார்கள். இருபது வருஷம் அப்படி ஓடியது.

எங்களைக் கம்பெனிக்கு அனுப்பிய செக்யூரிட்டி ஏஜென்சியில் ஒரு விதி உண்டு. ஐம்பத்தெட்டு ஆனால் விசில்காரன் வீட்டுக்குப் போக வேண்டும். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் உள்ளவன் அறுபத்தைந்து வரைக்கும் நிற்கலாம். கன்மேன் அண்ணனுக்கு அறுபது. அவர் சம்சாரத்துக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். எல்லாம் வேலையோடு வருகிற இ.எஸ்.ஐ. கார்டில் இலவசமாக நடந்தது. இரண்டு பேரும் தண்டலத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள்.

"துப்பாக்கி இருந்தா வேலை, வேலை இருந்தா கார்டு, கார்டு இருந்தா அவ" என்பார். அதற்கு மேல் அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஆள் அவ்வளவு அமைதி. அவர் பேசாததையும் சேர்த்து நான் பேசுவேன்.

அந்தப் பேச்சில்தான் எல்லாம் கெட்டது. ஒரு மத்தியானம் செக்யூரிட்டி ரூமில், ஜெனரல் மேனேஜர் எப்படிக் காரில் இருந்து இறங்குவார் என்று நான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிதான் கார். கதவைத் திறந்து, வயிற்றை முதலில் இறக்கி, பிறகு ஆள் இறங்க வேண்டும். எனக்கு வயிறு சொந்தமாகவே உண்டு என்பதால் நடிப்பு அமோகமாக வந்தது. நாற்காலியின் கால் ஒடிந்தது. எண்பத்தாறு கிலோ நான், சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கிமேல் விழுந்தேன். தோட்டா எப்போதும் அண்ணன் இடுப்புப் பையில்தான் இருக்கும், அதனால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். ஆனால் மரக்கட்டை கழுத்துப் பக்கம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிளவில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அடிகிடி பட்டுருச்சா மாப்ள?" என்று என்னைத்தான் கேட்டார்.

"எனுக்கு இன்னாணா ஆவும்? கீழ வுழுந்தா தரைக்குத்தான் அடி" என்றேன். சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் எலெக்ட்ரீஷியனிடம் கறுப்பு டேப் வாங்கிவந்து கட்டையைச் சுற்றினார்.

நான்கு நாளில் ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசர் ரவுண்ட்ஸ் வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே துப்பாக்கியைப் பார்த்தார்.

"இன்னா கன்மேன், துப்பாக்கிக்கு மாவுக்கட்டா? அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட் கீது. இத வெச்சிகினு கேட்ல நின்னா என் மானம் பூடும். சரி பண்ணு, இல்லனா வேற கன்மேனப் போட்டுடுவேன்."

சென்னையில் துப்பாக்கிக் கடைக்கு அண்ணன் போன் போட்டார். வெளிநாட்டுச் சாமான், கட்டை செதுக்க ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஒடித்தவன் நான். நான்தான் வழி பண்ண வேண்டும் என்று டூல்ரூமுக்குப் போனேன்.

டூல்ரூம்காரருக்கு என் வயசுதான். அச்சு, ஜிக் எல்லாம் அவர் கையில் வெண்ணெய் மாதிரி வரும். ஸ்டோரில் ஒரு தடி நைலான் துண்டு மிச்சம் கிடந்தது. கறுப்பு. அதில் கடைந்துவிடலாம் என்றார். ஒடிந்த மரத்தை அளவுக்குக் கேட்டார். அளவெடுத்தது மரத்தை வைத்துத்தான். ஆனால் அவர் சாயங்காலத்தில் போனில் சுடுகிற கேம் ஆடுகிறவர்.

"மரம் மாரியே பண்ணா இன்னா கிக்கு கீது? கைப்பிடி தனியா எறக்கி, பின்னால கட்டைய கட் பண்ணி, சைடுல ஓட்டை போட்டு..." என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடி தலைவா" என்றேன்.

அண்ணனிடம் நைலான் என்று சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கறுப்பு வேணாம் மாப்ள. அப்படியே மரம் மாதிரியே செஞ்சு, காப்பிக் கலர் பெயின்ட் அடிச்சுருங்க. பழைய மாதிரியே இருக்கட்டும்."

"இன்னாணா நீ, கெயவனுக்கு டை அடிச்சி வுட்டா, நரைதான் வோணும்னு அழுவற. ஒருவாட்டி பாரு, அப்பறம் பெயின்ட் அடிச்சிக்கலாம்."

"பெயின்ட் அடிச்சுரு மாப்ள" என்றார் மறுபடியும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் ஏதோ பழைய மனுஷன், பழைய ஆசை என்று நினைத்துக்கொண்டேன். சரி சரி என்றேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் கட்டை ரெடியானது. மாட்டிப் பார்த்தால் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். நேற்று வரைக்கும் காட்டுப்பன்றிக்குப் பயம் காட்டியது, இன்றைக்கு எல்லையில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அதே குழல், அதே விசை. மாறியது தோளில் முட்டுக் கொடுக்கிற கட்டை மட்டும்தான். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெயின்ட்டு?" என்றார். "பூஜ முடிச்சிகினு அடிச்சிடலாம், இப்ப அடிச்சா காயாது" என்றேன்.

ஆயுத பூஜை எங்கள் ஒரகடம் கம்பெனிகளில் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, டார்ச் லைட்டுக்குச் சந்தனம். வருஷம் பூராவும் அவனவன் எதை வைத்துச் சோறு தின்கிறானோ அதைக் கொண்டுவந்து வைப்பான். நாங்கள் பதினோரு விசிலை வரிசையாக வைத்தோம். நடுவில் கன்மேன் அண்ணனின் துப்பாக்கி. கறுப்புக் கட்டைமேல் மூன்று விரல் சந்தனமும், நடுவில் குங்குமமும் இட்டது நான்தான். என்ன அழகு. போனை எடுத்தேன். வீடியோவுக்குக் குரல் கொடுத்தேன்.

"பாத்துக்கோங்கபா. இனிமே எங்க கேட்டாண்ட எவனாவது பீடி கேட்டு வந்தீங்க, சுட்டுடுவோம். பட்டாளத்து மெஷினு எறங்கிகீது."

இதை ஸ்டேட்டஸில் வைத்தேன். போதாது என்று எங்கள் ஊர் ஃபேஸ்புக் குரூப்பிலும் போட்டேன். வாழ்க்கையில் எனக்கு முப்பது லைக்குக்கு மேல் வந்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டியது. மனைவியிடம் காட்டினேன். "பெயின்ட் அடிச்சிட்டு எடுத்திருக்கலாம்ல, ஏதோ தீவிரவாதி கணக்கா கீது" என்றாள். அவள் படித்தவள், பத்தாவது பாஸ்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. நானே கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தேன். இறங்கிய இன்ஸ்பெக்டர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இந்த வாய் யாருது?"

"என்துதான் சார்."

"பட்டாளத்து மெஷின் எங்க?"

அண்ணன் துப்பாக்கியோடு வந்து நின்றார். லைசென்ஸ் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரோடு கொடுத்தார். இன்ஸ்பெக்டர் லைசென்சைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், மறுபடி லைசென்சைப் பார்த்தார்.

"வேட்டைத் துப்பாக்கின்னு எழுதிகீது. இதத் தூக்கிகினு எவன்யா வேட்டைக்குப் போவான்? யானை மேல போர் தொடுக்கப் போறியா?"

அண்ணனைத் துப்பாக்கியோடு ஜீப்பில் ஏறச் சொன்னார். எனக்கு அங்கேயே மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்யாத நாட்களில்தான் நாலு பேர் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். "சார் ஒரு நிமிஷம்" என்று ஓடி, லாக்கரில் கிடந்த பழைய மரக்கட்டையையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜைமேல் வைத்துக் கறுப்பைக் கழற்றி, டேப் சுற்றிய மரத்தை மாட்டினேன். கழற்ற நாலு ஸ்க்ரூ, மாட்ட நாலு ஸ்க்ரூ.

"இப்ப பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்ப வேட்டைத் துப்பாக்கி மாதிரிதான் கீது" என்றார். எனக்கு உயிர் வந்தது. கறுப்பை மறுபடி மாட்டச் சொன்னார். மாட்டினேன். "இப்ப பட்டாளம்." கழற்றச் சொன்னார். "இப்ப வேட்டை." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யோவ், நாலு ஸ்க்ரூவுல சட்டம் மாறுமாயா? எனக்கே தெரியல. ஆர்மரர் வரட்டும்" என்றார்.

ஆர்மரர் என்றால் போலீசின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர். காஞ்சிபுரத்தில் இருந்து மூன்றாம் நாள் வந்தார். அண்ணனும் நானும் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனோம். மூக்குக்கண்ணாடி போட்ட, கணக்கு வாத்தியார் மாதிரி மனுஷர். நான் இரண்டு கட்டையையும் ஸ்க்ரூ டிரைவரையும் தயாராக வைத்திருந்தேன்.

"அத உள்ள வைங்க" என்றார். "மேல போட்டுக்கற சட்டைய நான் பாக்கறதில்ல."

பையில் இருந்து ஒரு தோட்டாவை எடுத்தார். மருந்து இல்லாத டம்மி, ஆனால் அளவு பட்டாளம் சுடுகிற தோட்டாவின் அளவு. துப்பாக்கியில் தோட்டா போடுகிற வாயைத் திறந்து அதை உள்ளே விட்டு மூடினார். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. என் வீட்டுக் கதவுகூட அவ்வளவு சரியாக மூடாது.

"போய்டுச்சு" என்றார்.

"போனா இன்னா சார்?" என்றேன்.

பொறுமையாகச் சொன்னார். இந்தத் துப்பாக்கிக்கு என்று விற்கிற வேட்டைத் தோட்டாவுக்கு ஒரு எண், பட்டாளத்துத் தோட்டாவுக்கு வேறு எண். பெட்டிமேல் எழுத்துத்தான் வேறே, உருவம் கிட்டத்தட்ட ஒன்று. பட்டாளத்துக்காகப் போட்ட டிசைனையே மரம் வைத்து, மெருகு போட்டு வேட்டைக்காரர்களுக்கு விற்பது வெளிநாட்டில் சகஜம். ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் அடுத்த தோட்டா தானாக வந்து உட்காருகிறது. போலீசும் பட்டாளமும் சுடுகிற தோட்டா உள்ளே போகிறது. நம் ஊர்ச் சட்டம் கேட்பது இதைத்தான். கட்டை மரமா நைலானா என்று அது கேட்பதில்லை.

"ஆக இது தடை செஞ்ச ஜாதி. சாதாரண லைசென்ஸ்ல வெச்சிக்க முடியாது."

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இருபது வருசமா இதே துப்பாக்கிதானுங்க ஐயா. ஒவ்வொரு தடவையும் காட்டித்தானே புதுப்பிச்சேன்."

"இருபது வருஷமா யாரும் தோட்டா போட்டுப் பாக்கலையே."

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். லைசென்சில் ஏறியிருக்கிறது, ஒளித்து வைத்ததில்லை, அதனால் கேஸ் இல்லை, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள், பேப்பர் கலெக்டர் ஆபீசுக்குப் போகட்டும் என்றார். அண்ணன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெறும் தோளோடு வெளியே வந்தார்.

எதிர் டீக்கடையில் நின்றோம். இரண்டு டீ சொன்னேன். அவர்தான் பேசினார்.

"எனக்குத் தெரியும் மாப்ள."

"இன்னாணா தெரியும்?"

"பட்டாளத்துல நான் தூக்குனது இதோட கூடப்பொறந்ததத்தான். கையில வாங்குன அன்னைக்கே தெரியும். மரத்தப் பாத்துட்டு எவனும் கேக்கல. கேக்காததுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்னு இருந்துட்டேன்." டீயை ஊதினார். "அதுக்குத்தான் பெயின்ட் அடிக்கச் சொன்னேன்."

"அத அப்பவே என்னாண்ட சொல்லிகிறதுதானேணா?"

"உங்கிட்டயா?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மைதான். என்னிடம் காலையில் சொன்னால் மதியத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கும்.

மறுநாள் தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன். கட்டையை ஒடித்தது நான், கறுப்புப் போட்டது நான், வீடியோ எடுத்தது நான், எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்கிறேன் என்று ரைட்டரிடம் சொன்னேன். அவர் ஃபாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். லைசென்ஸ்தாரர் பேர். துப்பாக்கி வகை. குழல் அளவு. ஆர்மரர் கருத்து.

"இதுல உன் பேர எங்கயா எழுதறது? துப்பாக்கி உன்துதா?"

"இல்ல சார்."

"தோட்டா?"

"இல்ல சார்."

"அப்ப போய் விசில் ஊது."

அந்தப் பேப்பர் ஸ்டேஷனில் இருந்து தாலுகா, அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ் என்று போனது. நான் லீவு போட்டு அதன் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு மேஜையிலும் ஒரே கேள்வி, "நீங்க யாரு?" கூட வேலை செய்கிறவன் என்பேன். சம்பந்தப்பட்டவரை வரச்சொல்லுங்கள் என்பார்கள். ஒரு இடத்தில் கிளார்க் அம்மாவைச் சிரிக்க வைத்துவிட்டால் காரியம் நடக்கும் என்று மாவுக்கட்டு ஜோக்கைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, "தடை லிஸ்ட்ல வந்துட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார்.

புதிதாக ஒரு சாதாரணத் துப்பாக்கிக்கு மனு போடலாமா என்று கேட்டேன். போடலாம், போலீஸ் விசாரணை, டாக்டர் சர்ட்டிபிகேட், எல்லாம் முடிய எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது, அறுபது வயசுக்காரருக்கு என்ன ஆபத்து என்று கேட்பார்கள் என்றார். என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அந்த மனுவிலும் இடம் இல்லை.

அதுவரைக்கும் அண்ணன் கேட்டில் விசிலோடு நின்றார். பொங்கல் கழித்து உத்தரவு வந்தது. துப்பாக்கி அரசாங்கத்துக்கு, லைசென்சில் இருந்து நீக்கம். ஃபீல்டு ஆபீசர் இந்த முறை பைக்கை விட்டு இறங்கித்தான் பேசினார்.

"எனுக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல கன்மேன். மேல கேக்கறான். கன் இல்லாத கன்மேன எந்த லிஸ்ட்ல காட்டுவேன் சொல்லுங்க. விசில் லிஸ்ட்ல காட்டலாம்னா வயசு தாண்டிட்டீங்க."

"என்னைத் தூக்கிடு சார், அவர வெச்சிக்கோ" என்றேன்.

"உன்னத் தூக்குனா உன் எடத்துக்கு ஐம்பத்தெட்டுக்குக் கீழதான் ஆள் போட முடியும். அவரப் போட முடியாது. லூசு மாதிரி பேசாத."

அண்ணன் யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஷூவுக்குப் பாலிஷும் போட்டிருந்தார். ஏஜென்சிக்காரன் அதைக் கோணியில் போட்டுக் கட்டினான்.

அடுத்த டயாலிசிஸ் நாள் என்னைக் கூட வரச்சொன்னார். "அவகிட்ட இன்னும் சொல்லல மாப்ள. நான் கவுன்ட்டர்ல கார்டு எம்புட்டு நாள் ஓடும்னு கேட்டுட்டு வாரேன். நீ அவகிட்டப் பேசிக்கிட்டு இரு."

ஆஸ்பத்திரியில் மெஷின் பக்கத்தில் அக்கா படுத்திருந்தார். கையில் இரண்டு குழாய், ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப்புறம் அண்ணன் வரிசையில் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர் முறை வந்தது. கார்டைக் கொடுத்தார். உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்து விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிச் சொன்னார். மாதங்கள்தான். ஒரு கைக்குள்ளேயே முடிந்துவிட்டது.

"என்னப்பா, இந்த நேரத்துல உங்க அண்ணன் டூட்டிக்குப் போகலையா?" என்றார் அக்கா.

நான் அவர் போர்வையை இழுத்துச் சரி செய்தேன்.

"துப்பாக்கியையும் மூணு மாசமாக் காணோம் வீட்டுல. குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டார்க்கா."

"நல்லதாப் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார். "அதத் தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோளே எறங்கிருச்சு மனுசனுக்கு. இனியாச்சும் ரெண்டு தோளும் நேரா இருக்கட்டும்."

வாய் ஓயாமல் பேசுகிறவன் நான்.

"ஆமாக்கா" என்றேன்.

அண்ணன் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நடந்து வந்தார்.